இறங்கும்போதா, ஏறும்போதா, ஏறி வந்த பிறகா?

காது மூக்கு தொண்டை அறுவை மேற்படிப்பில் இருக்கும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்



தூத்துக்குடியில் முப்பது வருஷத்துக்கு மேல் காது பார்த்தவன் நான். படிப்பு முடிந்து ஊருக்கு வந்த புதிதில் செய்த ஒரு தவற்றை முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர்த் திரேஸ்புரத்திலிருந்து சங்கு குளிக்கும் அண்ணாச்சி ஒருவர் வந்தார். நாற்பது வயதிருக்கும். இடது காதில் சீழ். செவிப்பறையின் நடுவே பெரிய ஓட்டை. சீழை உலர வைத்து, காதுக்கு மேலே பொட்டுத் தசையை மூடியிருக்கும் சவ்விலிருந்து ஒரு துண்டெடுத்து ஒட்டு வைத்தேன். நன்றாகப் பிடித்தது. ஆறாம் வாரம் பார்க்கையில் ஓட்டை இருந்த தடமே இல்லை. "காதுல தண்ணி படாமப் பாத்துக்கோங்க அண்ணாச்சி" என்று சொல்லி அனுப்பினேன். அடுத்த மாதமே திரும்பி வந்துவிட்டார். ஒட்டு கிழிந்திருந்தது. ஓட்டை முன்னைவிடப் பெரிசு.

கடிந்துகொண்டேன். அவர் எதிர்ப்பேச்சுப் பேசாமல் மடியை அவிழ்த்து, எண்ணெயில் தோய்த்து உருட்டிய பஞ்சு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "தண்ணி ஒரு சொட்டுப் படல டாக்டரே. இத வச்சு இறுக்கி அடச்சுக்கிட்டுத்தான் எறங்குனேன். மூணு பாகம்கூட எறங்கல. பட்டுன்னு ஒரு சத்தம்."

நான் சொன்னதை அவர் அட்சரம் பிசகாமல் செய்திருக்கிறார். தண்ணீரைப் பற்றிச் சொன்ன நான் அழுத்தத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. என்ன தொழில் என்று கேட்டு எழுதிக்கொண்ட நான், அந்தத் தொழிலை எப்படிச் செய்கிறார் என்று கேட்கவில்லை. அவருடைய அத்தனை வார வருமானமும் நான் வைத்த ஒட்டும் அந்த ஒரு வாக்கியத்தில் போயின.

ஒரு பாகம் ஆறடி. மூன்று பாகம் என்றால் ஐந்தரை மீட்டர். கடலின் மேற்பரப்பில் நம்மீது இருக்கும் அழுத்தம் 10 மீட்டர் ஆழத்தில் இரண்டு மடங்காகும். 20 மீட்டரில் மூன்று மடங்கு. நடுச்செவிக்குள் அடைபட்ட காற்று முதல் 10 மீட்டரிலேயே பாதியாகச் சுருங்கப் பார்க்கும். அடுத்த 10 மீட்டரில் பாதி மூன்றில் ஒன்றாகும், அவ்வளவுதான். ஆக, காதுக்குக் கண்டம் இருப்பது ஆழத்தில் என்று நாம் நினைக்கிறோம். அது மேலேயே, தொடக்கத்திலேயே காத்திருக்கிறது. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்குக் காற்றைக் கொண்டுபோகும் யூஸ்டேஷியன் குழாயின் வாய், வெளி அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரச அளவு கூடிவிட்டால் ஒட்டிக்கொள்ளும். ஒன்றேகால் மீட்டர் ஆழத்திலேயே அந்த அளவு வந்துவிடுகிறது. அதன் பிறகு மூக்கைப் பிடித்து எவ்வளவு முக்கினாலும் திறக்காது. கொஞ்சம் மேலே ஏறினால்தான் உண்டு. எனவே வலி வரும்வரை காத்திராமல், தலை முங்குவதற்கு முன்பே ஒருமுறை ஊதி, பிறகு முழத்துக்கு ஒருமுறை ஊதிக்கொண்டே இறங்க வேண்டும். பஞ்சு வைத்து அடைப்பதோ நேர்மாறான கேடு. பஞ்சுக்கும் பறைக்கும் நடுவே மாட்டிக்கொண்ட காற்று சுருங்கச் சுருங்க, பறையை வெளிப்பக்கம் இழுக்கும். அன்றைக்கு என் அறிவுரையே அந்த ஒட்டைக் கிழித்தது.

இதையெல்லாம் நீங்கள் இரண்டு பக்கத்தில் படித்திருப்பீர்கள். நானும் படித்திருந்தேன். ஆனால் அந்தப் பக்கங்களில் இருந்த ஆள் வேறு. முதுகில் உருளை மாட்டி, விடுமுறைக்குக் கடலில் இறங்கும் ஆள் அவர். வலித்தால் அன்றைக்கு இறங்காமல் இருந்துவிடலாம் என்பது அவருக்கான அறிவுரை. குளிர்கடலில் அலைச்சறுக்கு ஆடுபவர்களுக்குச் செவிக்குழாயில் எலும்பு வளர்வதைப் பற்றி வண்ணப்படத்தோடு ஒரு பாடம் இருந்தது. மன்னார் வளைகுடாவின் தண்ணீர் வெதுவெதுப்பானது. அந்த எலும்பு வளர்ச்சியை நான் இங்கே தேடித் தேடிப் பார்த்தும் அதிகம் காணவில்லை. நான் தினமும் கண்டது பூஞ்சை. ஈரக் காதில் எண்ணெய் விட்டு, ஊக்கால் குடைந்து, ஈர நியூஸ்பேப்பர் கூழைப் போலக் காது நிறைய அடைத்துக்கிடக்கும் பூஞ்சை. அதற்கு என் புத்தகத்தில் ஒரு பத்திதான்.

புத்தகத்தைக் குறை சொல்லி என்ன செய்ய? எழுதியவர் எந்தக் கரையில் நின்றாரோ அந்தக் கரையின் காதைத்தான் அது காட்டும். சென்னையில் எஸ். காமேஸ்வரனும் மோகன் காமேஸ்வரனும் வெப்பமண்டல நாடுகளின் காது மூக்கு தொண்டை நோய்களுக்கென்றே ஒரு நூலைத் தொகுத்து வெளியிட்டார்கள். இங்கே நின்று எழுதினால் நூல் வேறு மாதிரி வரும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை. கேப் டவுன் பல்கலைக்கழகத்தின் யோஹான் ஃபேகன் தலை கழுத்து அறுவைகளுக்கான பெரிய வரைபட நூலைத் தொகுத்து, உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறார். நீங்கள் அறுவைக்கு முந்தைய இரவு கைபேசியில் விரித்துப் படிப்பது பெரும்பாலும் அதைத்தான் என்று எனக்குத் தெரியும். நம் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்த டி. பாலசுப்ரமணியன் தன் பாடங்களை அப்படியே பொதுவில் வைத்தார். ஏழைக் கல்லூரியில் படிப்பவருக்கும் பணக்காரக் கல்லூரியில் படிப்பவருக்கும் இன்று ஒரே படம், ஒரே பாடம் கிடைக்கிறது. என் காலத்தில் ஒரு புத்தகத்தை ஆறு பேர் முறை வைத்துப் படித்தோம். ஆகவே பாடப்பொருள் கிடைக்கவில்லை என்று உங்களுக்காக நான் கவலைப்படவில்லை. அந்தப் பாடங்களில் நம் கரை இல்லையே என்பதுதான் என் கவலை.

இல்லாமல் போக இந்தக் கரை ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. கொற்கை முத்துக்காக இந்தக் கடலில் மூச்சடக்கி இறங்கிய காலத்திலிருந்து, 1961-இல் கடைசி முத்துக்குளிப்பு நடந்த வரைக்கும், பிறகு இன்றுவரை சங்குக்காகவும், தலைமுறை தலைமுறையாக ஆட்கள் காதைப் பணயம் வைத்து இறங்கியிருக்கிறார்கள். சிப்பி எத்தனை, சங்கு எத்தனை, சர்க்காருக்குப் பங்கு எவ்வளவு என்று கணக்கு எழுதி வைத்தார்கள். சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னல் சங்கைப் பற்றி மட்டும் ஒரு முழு நூல் எழுதினார், 1914-இல் வெளிவந்தது. குளித்தவர்களின் காதைப் பற்றி அப்படி ஒரு நூல், எனக்குத் தெரிந்து, எழுதப்படவில்லை.

அதே 1914-ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசு யாருக்கு என்று உங்களுக்கு மனப்பாடம். வியன்னாவின் ராபர்ட் பாரனி. காதைக் கழுவும்போது தண்ணீர் ஜில்லென்று இருந்தால் நோயாளிக்குத் தலை சுற்றுகிறது, சூடாக இருந்தால் சுற்றல் திசை மாறுகிறது என்று கவனித்து, அதிலிருந்து உள்காதின் சமநிலையைச் சோதிக்கும் முறையைக் கண்டவர். நீங்கள் மேசையில் படுக்கவைத்துச் செய்கிற அந்தச் சோதனையைச் சங்குகுளிகாரர் கடலுக்கடியில் தன் உடம்பில் அனுபவிக்கிறார். ஒரு பக்கச் செவிப்பறை கிழிந்த நொடியில் உடல்சூட்டைவிடக் குளிர்ந்த நீர் அந்தப் பக்கம் மட்டும் உள்ளே பாயும். உலகமே சுழலும். என்னிடம் வந்த இன்னொருவர் சொன்னார்: "மேல எது, கீழ எதுன்னே தெரியல டாக்டரே. கண்ண மூடிக்கிட்டு அசையாம நின்னேன். பொறவு வாயிலருந்து கொஞ்சம் காத்த விட்டேன். கொமிழி எந்தப் பக்கம் போவுதோ அந்தப் பக்கம் ஏறுனேன்." உள்ளே புகுந்த நீர் உடல்சூட்டுக்கு வந்ததும் சுற்றல் நின்றுவிடும், அதுவரை பதறாமல் இருப்பவர்தான் கரை சேர்வார். இதை அவர் பாரனியிடம் படிக்கவில்லை. அவருடைய அப்பா சொல்லிக் கொடுத்தது.

குளிகாரரின் சொல் பாடத்தில் ஏறிய இடமும் உண்டு. பசிபிக் கடலின் தூவமோத்து தீவுகளில் முத்துக்குளிப்பவர்களுக்கு ஒரு நோய் வந்தது. ஒரே நாளில் மூச்சடக்கித் திரும்பத் திரும்ப ஆழத்துக்குப் போய் வந்தவர்கள் தலைசுற்றி விழுந்தார்கள், சிலருக்குக் கை கால் விளங்காமல் போயிற்று, சிலர் இறந்தார்கள். அவர்கள் தங்கள் மொழியில் அதற்கு வைத்திருந்த பெயர் தாரவனா. 1965-இல் அதைப் பற்றி எழுதியபோது அந்தப் பெயரையே எழுதினார்கள். இன்றைக்கு ஆழ்கடல் மருத்துவப் புத்தகம் எதைத் திறந்தாலும் அந்தத் தீவுக்காரர்களின் சொல் இருக்கிறது. பக்கத்து மங்கரேவா தீவில் அதே ஆழத்துக்குப் போனவர்களுக்கு அந்த நோய் வரவில்லை என்பதும், அவர்கள் ஒவ்வொரு முக்குளிப்புக்கும் நடுவே 10, 15 நிமிஷம் ஓய்வெடுத்தார்கள் என்பதும் அதோடு சேர்ந்து பதிவாயிற்று. யாரோ கரைக்குப் போய், உட்கார்ந்து, கேட்டதால் கிடைத்த பாடம் அது. நம் கரையில் காதுக்கும் தலைசுற்றலுக்கும் எத்தனை சொல் புழங்குகிறது! அதில் ஒன்றுகூடப் பாடத்தில் ஏறவில்லை.

இந்த மடலின் தலைப்பில் இருக்கும் கேள்விக்கு வருகிறேன். குளித்துவிட்டு வந்தவர் தலைசுற்றுகிறது, காது கேட்கவில்லை என்று உங்கள் முன்னால் உட்காரும்போது, ஸ்கேனுக்கு எழுதுவதற்கு முன்பு கேட்க வேண்டியது அதுதான். இறங்கும்போது, ஊதி ஊதித் திறக்காமல் கடைசியில் முக்கி ஊதியபோது வந்தது என்றால், உள்காதின் சன்னல் சவ்வு கிழிந்திருக்கக்கூடும். தலையை உயர்த்திப் படுக்கவைத்து, முக்காமல், தும்மலைக்கூட அடக்காமல் வாய்திறந்து விடச் சொல்லி, தேவைப்பட்டால் பறையைத் தூக்கி உள்ளே ஒட்டு வைக்க வேண்டிய காது அது. ஏறும்போது வந்து, கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டது என்றால், இரண்டு காதின் அழுத்தமும் சமமாக இறங்காததால் வந்த சுற்றலாக இருக்கலாம். ஏறி வந்த பிறகு, வள்ளத்தில் உட்கார்ந்திருக்கையில் தொடங்கியது என்றால்? எப்படிக் குளித்தார் என்று உடனே கேளுங்கள். இப்போது சிலர் வள்ளத்தில் கம்ப்ரசரை வைத்து, ரப்பர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு மணிக்கணக்கில் அடியிலேயே இருக்கிறார்கள். அழுத்தத்தில் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், சட்டென்று ஏறும்போது குமிழியாகி உள்காதின் ரத்தக்குழாயை அடைத்திருக்கலாம். அவருக்கு உடனே ஆக்சிஜன் வேண்டும், அழுத்த அறை உள்ள இடத்துக்கு அனுப்ப வேண்டும். சவ்வு கிழிந்தவரையோ அந்த அறைக்குள் யோசிக்காமல் அனுப்பினால் கிழிசல் பெரிதாகும். இரண்டு பேரும் ஒரே மாதிரி தள்ளாடித்தான் வருவார்கள். ஒருவருக்கு மருந்தாவது மற்றவருக்குக் கேடு. அதைப் பிரித்துக் காட்டுவது ஒரு தமிழ்க் கேள்வி; அதற்கு அவர் தமிழில் சொல்லும் பதில்.

அந்தப் பதில் உங்களுக்குப் புரிய வேண்டும். வெளியூரிலிருந்து பயிற்சிக்கு வந்த ஒரு மாணவி, "சங்குல ஏதோ நிக்குது" என்று ஒரு பெரியவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, சங்கு குளிக்கிறவர் போலிருக்கிறது என்று தொழில் வரிசையில் எழுதிவிட்டார். அந்தப் பெரியவர் உப்பளத்தில் வேலை பார்த்தவர். அவர் சொன்னது தொண்டைச் சங்கை, குரல்வளையை. இரண்டு மாதமாகக் குரல் கம்மியிருந்தது. உங்களில் யாருக்கும் நான் சொல்ல வேண்டியதில்லை, மூன்று வாரத்துக்கு மேல் குரல் கம்மினால் உள்ளே குழாய் விட்டுப் பார்த்தே ஆக வேண்டும். நல்லவேளை, அடுத்த அறையிலிருந்து நான் அந்தக் குரலைக் கேட்டேன். அந்த மாணவி கெட்டிக்காரி. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. குரல்வளையின் ஒன்பது குருத்தெலும்புகளின் லத்தீன் பெயரும் அவருக்கு அத்துப்படி. நம் ஆட்கள் அதைச் சங்கு என்பார்கள் என்று அவருக்கு யாரும் பாடம் சொல்லவில்லை.

அறுவைப் பாடத்தைத் தமிழில் எழுத முடியுமா என்று கேட்பவர்கள் எதிர்க்கரையைப் பார்க்கட்டும். 1847-இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து, மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், ஆங்கிலத்தில் தொடங்கிய மருத்துவ வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். தானும் தன் மாணவர்களுமாக ஆயிரக்கணக்கான பக்கங்களைத் தமிழாக்கினார்கள். இரண வைத்தியம் என்ற பெயரில் அறுவை நூல் 1867-இல் வந்தது. மனுஷ அங்காதிபாதம் என்ற உடற்கூற்று நூல் 1872-இல். தமிழில் படித்தே அவரிடம் முப்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவராகி ஊர்களுக்குப் போனார்கள். மின்விளக்கு வருவதற்கு முன்னால் நடந்த காரியம் இது. நான் உங்களிடம் ஆயிரம் பக்கம் கேட்கவில்லை. குளிகாரரின் காதுக்கென்று நாற்பது பக்கம் போதும்.

அந்த நாற்பது பக்கத்தில் என்ன இருக்க வேண்டும் என்பதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். செவிப்பறைப் படங்கள் இருக்க வேண்டும். நம் ஆட்களின் காதில், நம் கைக்கருவியால், அவர்கள் சம்மதத்தோடு எடுத்த படங்கள். லேசாகச் சிவந்தது முதல் ரத்தம் கட்டியது, கிழிந்தது வரை ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், அவர் அதை என்ன சொல்லி விவரித்தார் என்பதும் அவர் வாய்மொழியிலேயே இருக்க வேண்டும். ஒட்டு வைக்க எந்த மாதம் நல்லது என்பதும் இருக்க வேண்டும். எந்த வெளிநாட்டுப் புத்தகமும் இதைச் சொல்லாது. கச்சான் காற்று ஓங்கி, கடல் கலங்கி, அடியில் எதுவும் தெரியாத மாதங்களில் எப்படியும் குளி குறையும். ஒட்டு வைத்த காதுக்கு வேண்டிய ஓய்வையும் அந்த மாதங்களையும் பொருத்திவிட்டால், "மூணு மாசம் கடலுக்குப் போகாதீங்க" என்ற சொல் அடுப்பை அணைக்கிற சொல்லாக இருக்காது. முதல் அண்ணாச்சிக்கு இரண்டாம் முறை ஒட்டு வைத்தபோது அப்படித்தான் செய்தேன். அது நின்றது.

கைப்பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் படித்த இடத்தில் எட்டுப் பேருக்கு ஒரு டிரில். மூன்று வருஷத்தில் என் கைக்கு வந்த பொட்டெலும்பு இரண்டே இரண்டு. முகநரம்பு அந்த எலும்புக்குள் எந்த வளைவில் எப்படித் திரும்புகிறது என்பதைக் கண்ணால் படித்துவிட்டு, கையால் முதன்முதலில் உணர்ந்தது உயிருள்ள மனிதரின் காதில். அன்றைக்கு என் கழுத்தெல்லாம் வேர்வை. உங்களில் எவருக்கும் அந்த நாள் வரக் கூடாது.

இதே தூத்துக்குடியில், மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தில், கே. அழகர்சாமியும் அவருடன் இருந்தவர்களும் 1973-இல் சிப்பியில் முத்தை வளர்த்தெடுத்தார்கள். அது எப்படி என்று அறுவைக்காரராகிய நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு சிப்பியின் மேலாடைத் திசுவிலிருந்து சில மில்லிமீட்டர் அளவில் துண்டு வெட்டி, ஓட்டில் செய்த சிறு மணியோடு சேர்த்து, இன்னொரு சிப்பியின் உடலுக்குள் கீறி வைக்க வேண்டும். துண்டு மணியைத் தொட்டபடி இருக்க வேண்டும். புரண்டுவிட்டால் முத்து இல்லை. சிப்பி சாகவும் கூடாது. நாம் செவிப்பறையில் செய்வதும் இதேதான்: ஒட்டு விளிம்பைத் தொட வேண்டும், புரளக் கூடாது. சிப்பியில் அந்தக் கை படிய எத்தனை சிப்பி வேண்டும் என்று அந்த நிலையத்தில் பழகியவர்களைக் கேட்டுப் பாருங்கள். ஒரு முத்துக்காக அத்தனை பழக்கம் கொடுக்கிற ஊரில், மனிதரின் காதில் கை வைக்கப் போகிறவருக்கு இரண்டு எலும்பா?

மனித எலும்பு போதவில்லை என்றால் கறிக்கடைக்குப் போங்கள். ஆட்டுத்தலையில் சுத்தி, பட்டடை, அங்கவடி மூன்று எலும்பும் இருக்கின்றன; அளவில் கொஞ்சம் சிறிது. நம் நாட்டிலேயே பல கல்லூரிகளில் ஆட்டுத்தலையில் பழகுகிறார்கள். ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டுப் பின்கட்டில் பழைய மைக்ரோஸ்கோப் ஒன்றைப் பொருத்தி வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலை வாங்கி வந்தால், மதியத்துக்குள் நான்கு பேர் ஆளுக்கொரு காது திறந்து பார்க்கலாம். மூன்று மில்லிமீட்டர் உயரமுள்ள அங்கவடியை முறிக்காமல் தொடுவதற்கு விரலில் எவ்வளவு பலம் போதும் என்பதை எந்தக் காணொளியும் சொல்லித் தராது.

2020-இல் வந்த விதிப்படி மேற்படிப்பில் மூன்று மாதம் மாவட்ட மருத்துவமனைகளில் நீங்கள் வேலை பார்க்க வேண்டியிருக்கிறது. பலர் அதை வீணாய்ப் போன காலம் என்று நினைப்பது எனக்குத் தெரியும். அந்த மூன்று மாதத்தில் தூத்துக்குடி கிடைத்தால் மாற்றிக்கொள்ளாதீர்கள். ஆய்வுக்குத் தலைப்பு தேடி அலைகிறவர்களுக்கும் சொல்கிறேன்: இராமநாதபுரம் கரையில் கடல்பாசி எடுக்க மூச்சடக்கி இறங்கும் பெண்களின் காதை வரிசையாகப் பார்த்து எழுதினாலே அது ஒரு நல்ல ஆய்வு. எழுதும்போது ஆங்கிலத்தில் எழுதுங்கள், உலகம் படிக்கட்டும். கூடவே தமிழில் ஒரு படி எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். அவர்கள் காது, அவர்கள் படிக்க வேண்டாமா?

திரேஸ்புரத்துக்கு வரும்போது காது பார்க்கும் கருவியும் 512 சுருதிக்கவையும் போதும். வள்ளங்கள் மதியத்துக்கு மேல் கரைக்கு வரும். வந்ததும் கேள்வியோடு போய் நிற்காதீர்கள். அவர்கள் சங்கை இறக்கி, அளந்து பிரித்து, கணக்கு முடித்து, தண்ணீர் குடித்துவிட்டு நிழலில் உட்காரட்டும். நீங்களும் மணலில் உட்காருங்கள். பிறகு அண்ணாச்சி, எறங்கும்போது காது எப்படி இருக்கும் என்று கேட்டுவிட்டு, அவர்கள் முடிக்கும்வரை நோட்டை மூடாதீர்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னே இந்தக் காதுகளைப் பார்த்தவன்,
தூத்துக்குடி